படகு வாங்கப் போனோம்

“ஒரு சின்னப் படகு வாங்கலாம்னு இருக்கேன்” என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

நான் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி சத்தத்தில் காதில் சரியாக விழவில்லையோ என்று அதை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். “படகு” என்று மறுபடியும் தெளிவாகச் சொன்னார். சிதம்பரத்தில், ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லாத சந்தில் குடியிருக்கிறவர் பேசுகிற பேச்சா இது?

ஆனால் அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. புவனகிரியில் வெள்ளாற்றங்கரையில் பிறந்தவர். சின்ன வயசில் தூண்டிலும் கையுமாகத் திரிந்தவர். பிறகு 30 வருஷம் கணக்கு வாத்தியார் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் அந்தப் பழைய பையன் எங்கிருந்தோ எழுந்து வந்துவிட்டான். செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். ரப்பர் படகு, மஞ்சள் நிறம், காற்றடித்தால் படகு, காற்றை இறக்கினால் மடித்துப் பரண்மேல் போட்டுவிடலாமாம். நிஜத்தைச் சொல்கிறேன், ‘பரண்மேல்’ என்ற இடத்தில் எனக்கும் சிறிது சபலம் தட்டியது.

“எந்தத் தண்ணியிலே விடப் போறீங்க?” என்று கேட்டேன்.

“தண்ணின்னா தண்ணிதானே!” என்றார்.

அது அப்படி இல்லை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பரங்கிப்பேட்டையில் என் பெரியப்பா முறை உறவினர் ஒருவர் இருக்கிறார். ஆயுள் முழுவதும் வலையோடும் படகோடும் கழித்தவர். அவரிடம் போய் நின்றோம். ரப்பர் படகின் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். சிரிக்கவில்லை, அதுவரை சந்தோஷம்.

“மாப்ளே, படகைப் பார்த்துத் தண்ணியைத் தேடக் கூடாது. தண்ணியைப் பார்த்துப் படகைத் தேடணும்” என்றார்.

நம் ஜில்லாவில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு தண்ணீர் மாதிரி இன்னொன்று கிடையாது. வீராணம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ல் கல்கி தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் காத்திருந்து படித்த குடும்பத்துப் பெண்களுக்கு அந்த ஏரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வந்தியத்தேவன் குதிரைமேல் வந்தது அந்தக் கரைமேல்தான். 2004 முதல் சென்னைக்குக் குடிதண்ணீர் போவதும் அங்கிருந்துதான். கரையில் நின்று பார்க்கையில் சாதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் வடக்கு தெற்காகச் சுமார் 15 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிற ஏரி அது. நீளவாக்கில் காற்று அடித்தால், ஒரு கோடியில் சிற்றலையாகக் கிளம்புவது மறுகோடிக்கு வருவதற்குள் நன்றாக வளர்ந்துவிடும். தட்டையாய், விளிம்பு தாழ்வாய் இருக்கிற படகு அங்கே ஆபத்து. பக்கப் பலகை உயரமாக இருக்க வேண்டும்.

கொள்ளிடமோ வேறு குணம். வருஷத்தில் பாதி நாள் மணல். மேட்டூரில் உபரி நீர் திறந்தால் கரை கொள்ளாத வெள்ளம். மணலில் இழுத்துப் போகக்கூடிய எடையில்தான் படகு இருக்க வேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு. கொள்ளிடத்திலும் பழைய கொள்ளிடத்திலும் முதலைகள் இருக்கின்றன. ஊருக்குள் வந்துவிட்டால் வனத்துறையார் பிடித்துக்கொண்டு போய் வக்காரமாரி ஏரியில் விடுகிறார்கள். ஆற்றில் இறங்கியவர்களை முதலை இழுத்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. இதைப் பெரியப்பா சொல்லும்போது நான் மஞ்சள் ரப்பர் படகை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரரும் நினைத்திருக்க வேண்டும். செல்போனை மெதுவாகச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேருகிற முகத்துவாரம் மூன்றாவது தண்ணீர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி மையம் 1961-ல் அங்கே அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆற்று மீனும் கடல் மீனும் கலந்து கிடைக்கிற இடம் அது. தண்ணீர் தினம் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். வற்றுகிற நேரத்தில் முகத்துவாரத்துக்கு அருகே துடுப்புப் படகில் இருந்தால் ஆறே உங்களைக் கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். எதிர்த்துத் துடுப்புப் போட இருபது வயசுத் தோள் வேண்டும். அறுபது வயசில் ஆசை மட்டும்தான் மிச்சம்!

நான்காவது, பிச்சாவரம் பக்கத்துக் கழி. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் சுரபுன்னையும் கண்டலும் அடர்ந்த காடு. அதை ஒட்டி, முழங்கால் ஆழம் முதல் ஓர் ஆள் ஆழத்துக்கு மேல் வரை வலைப்பின்னலாக வாய்க்கால்கள். காற்று குறைவு, அலை இல்லை. “உங்க வயசுக்கும் ஆசைக்கும் அதுதான் சரி. ஆனா வேரும் சேறும் சிப்பியும் இருக்கிற தண்ணி” என்றார் பெரியப்பா. வேரில் ஒட்டி வளரும் சிப்பியின் விளிம்பு சவர பிளேடு மாதிரி இருக்கும். ரப்பர் படகின் கதை அத்தோடு முடிந்தது.

தண்ணீர் நிச்சயமாகிவிட்டது. இனிமேல் படகு.

இந்த விஷயத்தில் நம்மவர்கள் மற்றவர்களிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. ‘கட்டுமரம்’ என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயர்கள் ‘கட்டமரான்’ என்று எடுத்துக்கொண்டு போனார்கள். சென்னை ராஜதானியில் மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்ற வெள்ளைக்காரர், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920-ல் பெரிய ஆராய்ச்சியே எழுதி வெளியிட்டார். கட்டுமரம் மூழ்காது, லேசான மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது, அதில் தண்ணீர் தங்க இடமே இல்லை. ஆனால் உட்கார்ந்தவர் நனையாமல் திரும்ப முடியாது. கரைக்கு வந்ததும் கட்டைப் பிரித்து மரத்தை உலர்த்த வேண்டும். இல்லாவிட்டால் நீரை உறிஞ்சிக் கனத்துப் போகும். கடல் அலையைத் தாண்டுவதற்காகப் பிறந்தது அது, கழிக்கு ஏற்றதல்ல.

பரிசல் வட்டமானது. பாறை நிறைந்த காவேரியில் ஒக்கேனக்கல் பக்கத்தில் அதற்கு ஈடு இல்லை. இடித்தாலும் வளைந்து கொடுக்கும். ஓர் ஆள் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் பழகாதவர் கையில் நின்ற இடத்திலேயே சுற்றும். எங்கள் வீட்டுக்காரர் சுற்றுவதைக் கரையிலிருந்து பார்க்க எனக்கு ஆசைதான். சொல்லவில்லை.

மிச்சம் இருப்பது தோணி. அதில் மரமா, ஃபைபரா என்பதுதான் கேள்வி. மரத் தோணியின் அழகு தனி. ஆனால் உப்புத் தண்ணீரில் மரத்தைத் துளைக்கிற கப்பல் புழு என்று ஒன்று இருக்கிறது. வெளியே ஊசித் துவாரம் போலத்தான் தெரியும். உள்ளே பலகை தேன்கூடாகிவிடும். கரையேற்றிக் காயவைத்து, எண்ணெய் பூசி, இணைப்புகளை அடைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிதம்பரத்தில் இருந்துகொண்டு கிள்ளையில் கட்டியிருக்கும் தோணிக்கு யார் எண்ணெய் பூசுவது? வீட்டு ஜன்னல் கதவுக்கே மூன்று வருஷமாக வர்ணம் பூசவில்லை. ஆகவே ஃபைபர் என்று முடிவாயிற்று.

ஃபைபர் என்றால் கண்ணாடி இழைப் பாயை அடுக்கடுக்காக வைத்து, ரெசின் என்ற பசையை ஊற்றி இறுகச் செய்வது. புழு அரிக்காது, எண்ணெய் வேண்டாம். ஆனால் இதில் நல்லதும் கெட்டதும் வர்ணத்துக்குள்ளே மறைந்திருக்கும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமிக்குப் பிறகு கரை நெடுகத் தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளைக் கொண்டுவந்து கொடுத்தன. பல இடங்களில் முன்பிருந்ததைவிடப் படகுகளின் எண்ணிக்கையே கூடிவிட்டது. அவசர அவசரமாகச் செய்தவற்றில் மட்டமானவையும் கலந்திருந்தன. பெரியப்பா இதைச் சொல்லிவிட்டு எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கொடுத்தார். “இதாலே தட்டிப் பாருங்க. பானை வாங்கறப்போ தட்டுவீங்களே, அந்த மாதிரி.”

கடலூர் முதுநகர் பக்கத்தில் ஒரு படகுப் பட்டறைக்குப் போனோம். பேர் வேண்டாம். முன்பக்கம் கூராக, நீல வர்ணம் அடித்து, மயில் மாதிரி ஒரு படகு நின்றது. விலை, நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிவிடலாம் போல இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு பிரகாசம் இல்லை.

பட்டறைக்காரர் பேசிக்கொண்டிருக்கையில் நான் நாணயத்தால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தேன். ‘டிங், டிங்’ என்று வந்த சத்தம் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் ‘டொக்’ என்றது. அடுக்குகள் சரியாக ஒட்டாமல் நடுவே காற்று நின்றால் அந்த மாதிரி மங்கலான சத்தம் வரும். உட்பக்கம் குனிந்து பார்த்தால் ஒரு முழ நீளத்துக்கு இழைகள் வெள்ளைவெளேரென்று தெரிந்தன. அந்த இடத்தில் பசை போதவில்லை என்று அர்த்தம். தண்ணீர் அங்கேதான் முதலில் நுழையும். அடித்தட்டில் முழங்காலை ஊன்றி அழுத்தினேன். அமுங்கிற்று.

“இது முழுக்கத் தண்ணி நிறைஞ்சாலும் மிதக்குமாங்க?” என்று கேட்டேன். நல்ல படகில் முன்னும் பின்னும் மூடிய அறை வைத்து, உள்ளே மிதக்கும் நுரைப்பொருள் அடைத்திருப்பார்கள். கவிழ்ந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு பிடி இருக்கும்.

“தண்ணி ஏன்மா நிறையப் போவுது?” என்றார் பட்டறைக்காரர்.

எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து பஸ் ஏறுகிற வரையில் என்னோடு பேசவில்லை. பஸ் நகர்ந்த பிறகு, “முழங்கால் வைச்சு அழுத்தினியே, அது எங்கே கத்துக்கிட்டே?” என்று கேட்டார். பலாப்பழம் வாங்குகிறவளுக்குத் தெரியாதா!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளைக்குப் போனோம். வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைத் தோணியில் போய்ப் பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. தோணிக்காரர் எங்கள் வயசுதான் இருப்பார். காட்டு ஓரத்து வாய்க்காலில் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். கிளைகள் தாழ்ந்திருந்த ஓரிடத்தில், “அம்மா, தலையைக் குனிஞ்சுக்குங்க. அது தில்லை. பால் கண்ணுலே பட்டா ஆகாது” என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம் அதுதான். ஊர்க்காரியாகிய நான் அந்த மரத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன்!

கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பல்லில் ஓலைப் பறியைக் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் ஒரு பெண் நகர்ந்து வந்தாள். இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. கையாலேயே இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுகிறாள். இந்தப் பக்கத்து இருளர் குடும்பங்களின் தொழில் இது. பறி வாயில் இருப்பதால் பேச முடியாது. தோணிக்காரர் குரல் கொடுத்ததும் நிமிர்ந்து பார்த்து, கண்ணாலேயே சிரித்தாள். பிறகு பறியை எடுத்து எங்கள் தோணியின் விளிம்பில் வைத்துவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டாள்.

“இவங்க படகு வாங்கப் போறாங்களாம். எது நல்லதுன்னு நீயே சொல்லு. இந்த வாய்க்கால் ஆழமெல்லாம் உன் காலுக்குத்தானே தெரியும்” என்றார் தோணிக்காரர்.

அவள் எங்கள் தோணியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, “தண்ணியிலேருந்து ஏறிப் பாத்தீங்களாண்ணே?” என்றாள்.

நாங்கள் விழித்தோம்.

“கரையிலேருந்து எல்லாரும்தான் ஏறுவாங்க. உள்ளே விழுந்துட்டா திரும்ப ஏறணும் இல்லே?”

நீளம், அகலம், கனம், வர்ணம், விலை என்று இரண்டு மாதமாக எத்தனை பேரிடம் விசாரித்திருப்போம்! ஒருவராவது இதைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பக்கவாட்டில் பிடித்து எம்பினார். தோணி அவர் பக்கமாகச் சாய்ந்தது. நான் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். மூன்று தடவை எம்பினார். மூன்று தடவையும் தண்ணீர்தான் உள்ளே வந்தது, அவர் வரவில்லை.

“பக்கத்துலே பிடிக்காதீங்க. பின்னாடி வாங்க” என்றாள் அவள். பின்புறமாகப் போனால் படகு கவிழாது, சிறிது தாழும், அவ்வளவுதான். ஒரு கயிற்றை வளையமாக முடிந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டாள். அதில் காலை வைத்து ஏறினார். சேறு பூசிய யானைக்குட்டி மாதிரி வந்து விழுந்தார்.

அதற்குள் நான் அவளோடு பேச்சுக் கொடுத்தேன். “உங்ககிட்டே படகு இல்லையா அக்கா?”

“வீட்டு ஆம்பளைங்க ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒண்ணு வச்சிருக்காங்க. அது வலைக்குப் போயிடும். தண்ணி வத்தறப்போதானே இறால் சேத்துலே தங்கும். அந்த நேரம் நான் இப்படி நடந்தே வந்துடுவேன்.” உள்ளங்கையைக் காட்டினாள். சிப்பி கீறிய கோடுகள்; கெளுத்தி முள் குத்திய வடு ஒன்று. நாலு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் தண்ணீரிலேயே இருப்பாளாம். “உக்காந்து பறியைக் கொட்டிட்டு, கொஞ்சம் முதுகை நிமித்திக்க ஒரு பலகை இருந்தாப் போதும். வேறே என்ன படகு?”

வீட்டுக்கு வந்து கணக்கு வாத்தியார் காகிதமும் பேனாவும் எடுத்தார். இப்போது அவருக்கு உற்சாகம் வேறு தினுசு. 14 அடி நீளம், 4 அடி அகலம், தட்டை அடி. இரண்டு முனையும் குறுகுவதைக் கழித்தால் தண்ணீரில் பதிகிற பரப்பு சுமார் மூன்றரைச் சதுர மீட்டர். அந்தப் பரப்பில் ஒவ்வொரு 35 கிலோவுக்கும் படகு 1 சென்டிமீட்டர் தாழும். படகு 150 கிலோ, நாங்கள் இருவரும் 130 (என் பங்கை நான் சொல்வதாயில்லை), வலையும் சாமானும் 20. மொத்தம் 300 கிலோ. ஆக, 9 சென்டிமீட்டருக்குள் ஆழம் போதும். அரைச் சாண் தண்ணீரிலும் மிதக்கும். அடிப்பக்கம் கூராக இருந்த அந்த நீல மயில் அதே பாரத்தில் இன்னும் ஆழமாக இறங்கிச் சேற்றில் உட்கார்ந்திருக்கும். தட்டை அடியில் எழுந்து நின்று வீச்சு வலை போடலாம், சட்டென்று சாயாது. குறை என்னவென்றால் நேர்கோட்டில் போகாமல் அலையும். அதற்கு அடியில் நீளவாக்கில் ஒரு கட்டை வைத்தால் போதும் என்றார் பெரியப்பா. பக்கப் பலகை தண்ணீர் மட்டத்துக்கு மேல் ஒரு சாணுக்குக் குறையக் கூடாது என்பதும் அவர் போட்ட நிபந்தனை.

மோட்டார் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வேரிலும் பாசியிலும் விசிறி சிக்கிக்கொள்ளும். பின்பக்கம் கனத்துப் போகும். மூங்கில் கழி ஒன்று, துடுப்பு இரண்டு. லைஃப் ஜாக்கெட் இரண்டு. இதில் மட்டும் விலை பேசாதீர்கள். அளவு சரியா என்று போட்டுக் கட்டிப் பாருங்கள். தோளைப் பிடித்துத் தூக்கினால் காது வரை ஏறுகிற ஜாக்கெட் தண்ணீரில் உங்களை விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதக்கும்.

அனுமதி விஷயத்தையும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. பிச்சாவரம் காப்புக்காடு, 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. உள்ளே இஷ்டம்போலப் போக முடியாது. நாங்கள் வெளிக் கழியோடு சரி. ஏரி என்றால் மீன் பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார். அவரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் வம்பு. மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு வந்தால் பிறகு நிம்மதி.

வேறொரு பட்டறையில், எங்கள் அளவுக்குச் செய்யச் சொல்லித் தோணி வாங்கினோம். வெறும் சாம்பல் நிறம். நாணயத்தால் தட்டினேன், முழுக்க ‘டிங்’ என்றது. கழித்துறையில் முதல் நாள் இறக்கும்போது அவளும் வந்து பார்த்தாள். சுற்றி வந்தாள். பின்பக்கம் நின்று, “வாரம் பூரா சும்மா கட்டிப்போட்டு வைப்பீங்களா?” என்று கேட்டாள். பிறகு, தானே ஒரு வழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு, மற்ற நாளில் அவளுக்கு, வாடகைக்கு. படகைக் கழுவிக் காவல் பார்ப்பதும் அவள் பொறுப்பு. வாடகைத் தொகையையும் அவளே சொன்னாள். எங்கள் வீட்டுக்காரர் குறைக்கச் சொல்லலாமா, கூட்டச் சொல்லலாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு போனபோது புதுத் தோணியின் பின்விளிம்பில் இரண்டு துவாரம் போட்டு, தடித்த கயிற்றை வளையமாகக் கட்டியிருந்தாள். “புதுப் படகிலே ஓட்டையா!” என்று எங்கள் வீட்டுக்காரர் பதறிப் போனார். துவாரம் தண்ணீர் மட்டத்துக்கு நன்றாக மேலேதான் இருந்தது. ஓரத்தில் பசையும் தடவியிருந்தாள். அன்று அவருக்கு விழுந்தது ஒரே ஒரு மடவை. அதை வலையிலிருந்து எடுக்கப் போய்த்தான் நிலை தவறித் தண்ணீரில் விழுந்தார்.

கயிற்றில் கால் வைத்து ஏறி வந்தார். மீனை விடவில்லை.